புரட்டாசியில் ஆட்டுக்கறி

செப்டம்பர் 16, புதன்

கத்துவதற்குப் பதிலாக எழுதுங்கள் என்று டாக்டர் ஜைனப் சொல்லியிருக்கிறார். எனக்கு ரத்த அழுத்தம் ஏறுகிறதாம். நிலாவில் பதினொரு பேர் ஒரு டப்பாவுக்குள் அடைந்து கிடக்கிறோம், ஏறாமல் என்ன செய்யும்? சரி, எழுதித் தொலைக்கிறேன்.

காலையில் தொட்டியின் வடிகட்டி அடைத்துக்கொண்டது. மத்தியானம் வரை அதோடு மல்லுக்கட்டினேன். தொட்டி என்றால் என் ஆட்டுக்கறித் தொட்டி. ராசிபுரம் பக்கத்தில் ஒரு பண்ணையில் ராஜாத்தி என்று ஒரு வெள்ளாடு இருக்கிறது. உயிரோடு, கொழுப்போடு, வேலி தாண்டிக்கொண்டு திரிகிறது. அதன் தொடையிலிருந்து கடுகளவு சதை எடுத்து, அந்தச் செல்களைச் சத்துநீரில் வளர்த்து, ஆட்டை அறுக்காமலே கறியாக்குகிறேன். ஏழு வருட உழைப்பு. நிலாவில் ஆடு வளர்க்க முடியாது, தழைக்கும் தண்ணீருக்கும் எங்கே போவது? அடுத்த வருடம் குழந்தை குட்டிகளோடு நாற்பது குடும்பங்கள் இங்கே குடியேற வருகின்றன. அவர்களுக்குக் கறியா, வெறும் சோயாக் கட்டியா என்பது இந்த மாதம் முடிவாகும். நாளை மறுநாள் தொடங்கி அக்டோபர் 17 வரை நாங்கள் எவ்வளவு கறி சாப்பிடுகிறோம் என்று சென்னையிலிருக்கும் கமிட்டி பார்க்கும். யாரும் சாப்பிடவில்லை என்றால் தொட்டியை மூடிவிடுவார்கள்.

எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், ஒழுங்காகச் சாப்பிடுங்கள் என்று. சௌந்தரபாண்டியிடம் தனியாகவும் சொன்னேன். தண்ணீர்க் குழாய்களுக்கு எஞ்சினியர் அவன்தான், சமையலும் அவன்தான். மதுரைக்காரன், வாய் ஓயாது. “சரிக்கா, சரிக்கா” என்று எதையோ யோசித்துக்கொண்டே தலையாட்டினான்.

மகள் தாரிகா ஊரிலிருந்து பேசினாள். கால் வீங்கியிருக்கிறதாம், குழந்தையின் துடிப்பு நன்றாக இருக்கிறதாம். “நீ வேலையப் பாரும்மா” என்று சீக்கிரம் வைத்துவிட்டாள். கோபமா, தூக்கமா தெரியவில்லை. பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்கு வந்தால் அங்கே தாய் இருக்க வேண்டும். நான் இங்கே வடிகட்டி கழுவிக்கொண்டிருக்கிறேன்.

செப்டம்பர் 18, வெள்ளி

காலையில் சமையலறைக்குப் போனால் சௌந்தரபாண்டி குக்கரைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறான். தண்ணீரை அளந்து அளந்து கொடுக்கிற ஆள், ஒரு வாரத்துப் பங்கை ஒரே மூச்சில் ஊற்றுகிறான்.

“என்னப்பா இந்த விளக்கு விளக்குற?”

“புரட்டாசி பொறந்துருச்சுல்லக்கா. கவிச்சி பட்ட சட்டி.”

தேதியைக் குறித்த கமிட்டியில் அத்தனை பேரும் தமிழர்கள். ஒருத்தருக்கும் காலண்டரைப் பார்க்கத் தோன்றவில்லை. சரி என்று கையெழுத்துப் போட்டவள் நான். தினம் காலையில் காலண்டர் கிழிக்கிற வீட்டில் பிறந்தவள்! என்னை எதால் அடிப்பது?

“விரதம் இருக்கறவங்க இருங்க. மத்தவங்களுக்குக் கறி போடு” என்றேன்.

“ஏழு பேரு விரதம்க்கா. அடுப்பு ஒண்ணு, சட்டி ஒண்ணு. காலைல கறியாக்கிட்டு, கழுவிட்டு, மத்தியானம் சாம்பார் வைக்கணும்னா தண்ணிக்கு எங்க போறது?”

நிலையத் தலைவர் குணசீலனிடம் போனேன். தூத்துக்குடிக்காரர், கிறிஸ்தவர், விரதமெல்லாம் கிடையாது, கறி என்றால் உயிரை விடுவார். அவராவது நியாயம் பேசுவார் என்று பார்த்தால், “தண்ணி விஷயத்துல நான் ஒண்ணும் செய்யதுக்கில்ல மேடம்” என்று கையை விரித்துவிட்டார்.

திரும்பி வந்து சௌந்தரபாண்டியிடம் கத்தினேன். “இது கறியே இல்லப்பா! அறுக்கல, கொல்லல, ஒரு சொட்டு ரத்தம் சிந்தல!”

அவன் கரண்டியால் சுவரைக் காட்டினான். அங்கே என் கையெழுத்தில் நான் ஒட்டிய அட்டை. ‘இது ஆட்டுக்கறி. கறி மாதிரி அல்ல. கறியேதான்.’ வந்த புதிதில் எல்லோரும் ரப்பர், டூப்பு என்று கேலி செய்தார்களே, அந்த ஆத்திரத்தில் எழுதி ஒட்டியது.

“நீங்கதானக்கா சொன்னீங்க” என்றான்.

செப்டம்பர் 19, சனி

சர்க்கரைப் பொங்கல். மாவிளக்கு வேறு, சுடர் இல்லாமல் மேலே ஒரு மஞ்சள் பல்பு. நெருப்பு வைக்கக்கூடாதாம், அந்த அறிவு மட்டும் இருக்கிறது.

செப்டம்பர் 21, திங்கள்

சாப்பாட்டு மேசையில் பெரிய பஞ்சாயத்து. நான்தான் ஆரம்பித்தேன்.

“கொல்லக் கூடாதுன்னுதான விரதம்? இங்க யாரக் கொன்னோம்? ராஜாத்தி ஊருல வேலி தாண்டிட்டிருக்கா!”

“அதுவே ஒரு மாதிரி இருக்குக்கா” என்றான் சௌந்தரபாண்டி. “பேரு தெரியாத ஆடுன்னா பரவால்ல. ராஜாத்தி உசுரோட இருக்கையில அவளத் திங்கறது…”

“போன மாசம் மூணு தட்டு தின்னியே, அப்ப ராஜாத்தி செத்துப் போயிருந்தாளா?”

டாக்டர் ஜைனப் சிரித்தார். அவர் கீழக்கரைக்காரர். வந்த நாளிலிருந்து என் கறியைத் தொடவில்லை. “உயிரோட இருக்குற பிராணிகிட்டேருந்து எடுத்த சதை எங்களுக்கு ஆகாது. இது அதுல சேருமா சேராதான்னு எங்க ஊரு பள்ளிவாசல் ஆலிம்கிட்டக் கேட்டிருக்கேன். அவரும் யோசிச்சுட்டே இருக்கார்” என்றார். அவர் யோசித்து முடிப்பதற்குள் இந்த அம்மாள் நிலாவிலுள்ள பட்டாணியை எல்லாம் தின்று தீர்த்துவிடுவார்.

“அதெல்லாம் விடு” என்றேன் சௌந்தரபாண்டியிடம். “கொல்லாத கறிக்கு என்ன விரதம்? அதுக்குப் பதில் சொல்லு.”

“கொல்றதுக்காகவா அக்கா விரதம்? அப்ப ஐப்பசில கொன்னா மட்டும் சரியா? நாக்குக்குத்தாங்க்கா விரதம். புடிச்சத ஒரு மாசம் விடணும். அம்புட்டுத்தான்.”

படித்த பிள்ளை பேசுகிற பேச்சா இது? எனக்கு இன்றைக்குப் பசியில்லை, பட்டாணிக் கூட்டு மட்டும் சாப்பிட்டு எழுந்துவிட்டேன்.

செப்டம்பர் 24, வியாழன்

தொட்டியில் கறி வளர்ந்துகொண்டே இருக்கிறது. அதற்குப் புரட்டாசி தெரியுமா? எடுக்காமல் விட்டால் உள்ளே இருக்கிற செல்கள் மூச்சு முட்டிச் செத்துப்போகும். எடுத்து எடுத்து உறைபெட்டியில் வைத்தேன், உறைபெட்டி நிரம்பிவிட்டது. இனி வெப்பத்தைக் குறைத்து வளர்ச்சியை அடக்க வேண்டும். அதுவும் ரொம்ப நாள் தாங்காது.

நேற்று ஒரு யோசனை வந்தது. சமையலறைதானே கூடாது? ஆய்வகத்துச் சூட்டுத்தட்டில் மிளகு போட்டு வறுத்தேன். குணசீலனை ரகசியமாகக் கூப்பிட்டேன். மனுஷர் கண்ணை மூடிக்கொண்டு தின்றார். “ஏ யப்பா! எங்க ஊரு கறிக்கடைல கூட இப்படி நெஞ்செலும்புக் கறி கெடைக்காது மேடம்” என்றார். எலும்பே கிடையாது அதில். “நீங்க எடுத்துக்கிடலையா?” என்று கேட்டார். எனக்கு வாய்ப்புண், காரம் ஆகாது என்றேன்.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. எல்லா அறைக்கும் ஒரே காற்றுக்குழாய் என்பதை மறந்து தொலைத்துவிட்டேன். விரதக்காரர்கள் ஏழு பேரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஆய்வக வாசலில் நிற்கிறார்கள். “வாசனையிலயே விரதம் போச்சேக்கா” என்று சௌந்தரபாண்டி கிட்டத்தட்ட அழுதுவிட்டான். வாயில் எச்சில் ஊறியது அவன் முகத்திலேயே தெரிந்தது. இன்று முதல் ஆய்வகத்தில் வறுவல் தடை. தலைவர் உத்தரவு. தின்றது அவர், தடை எனக்கு.

செப்டம்பர் 26, சனி

இந்த வாரத் தண்ணீரை எல்லாம் சேர்த்து வைத்துக் காலையில் தலைக்குக் குளித்தேன். அழுக்கு. வேறொன்றுமில்லை.

செப்டம்பர் 29, செவ்வாய்

கமிட்டித் தலைவர் கோமதிநாயகம் சார் கூப்பிட்டார். திருநெல்வேலிக்காரர், பிறவிச் சைவம், பொறுமையானவர். அந்தப் பொறுமைதான் எனக்கு ஆகாது. பூமிக்குப் பேச்சு போய்த் திரும்பச் சில வினாடி ஆகும். அவர் யோசிக்கிறாரா, ஒலி வரவில்லையா என்று தெரியாமல் நான் இடையில் பேச, அவர் பேச, இரண்டு பேரும் நிறுத்த, அதிலேயே பாதி நேரம் போனது.

“கறி சாப்பிட்ட கணக்கு கிட்டத்தட்ட பூஜ்யமா இருக்கேம்மா.”

“புரட்டாசிங்க சார்.”

“அது சரி. அவங்க சோயா சாப்பிடுதாங்கல்லா?”

“சாப்பிடறாங்க.”

“அப்ப சோயா வருஷம் பூரா ஓடுது. உங்க கறி பதினோரு மாசந்தான் ஓடுது. குடியேறப் போற ஜனங்களுக்கு எதம்மா அனுப்பட்டும்? அதோட, ஆளுக இத மனசார ஏத்துக்கிடலன்னு கமிட்டில ஒரு பேச்சு இருக்கு. கறின்னு நம்பலன்னு சொல்லுதாங்க.”

கறி என்று நம்பியதால்தான் ஐயா தொடமாட்டேன் என்கிறார்கள் என்று கத்த வாயெடுத்தேன். டாக்டர் சொன்னது ஞாபகம் வந்து அடக்கிக்கொண்டேன். அக்டோபர் 17-ஆம் தேதி கமிட்டி முழுவதும் திரையில் உட்காருமாம். கடைசி நாள், கடைசிச் சனிக்கிழமை. “மத்தவங்க எப்படியும் போகட்டும். செஞ்ச நீங்களாவது எங்க முன்னால சாப்பிட்டுக் காட்டுங்க” என்றார்.

சாப்பிட்டால் போகிறது. அதிலென்ன?

அக்டோபர் 2, வெள்ளி

கெஞ்சினேன். என் வாழ்க்கையில் முதல்முறையாக. கறி என்று சொல்ல வேண்டாம், வேறு பேர் வைத்துக்கொள்ளலாம், நிலாக்காய் என்று வைத்துக்கொள்ளலாம் என்றேன். ஏழு பேரும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள்.

“கத்திரிக்காய்னு வச்சாலும் ருசி தெரிஞ்சுருமேக்கா. நீங்க அவ்வளவு நல்லாப் பண்ணிருக்கீங்க” என்றான் சௌந்தரபாண்டி. பாராட்டா, பழியா என்றே தெரியவில்லை. போய் அந்த அட்டையைக் கிழித்துக் குப்பையில் போட்டேன்.

அக்டோபர் 5, திங்கள்

தாரிகாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். ரத்த அழுத்தம். படுத்தே இருக்க வேண்டுமாம். என்னைப் போலவே அவளுக்கும், வேறென்ன கொடுத்தேன் நான்?

“அம்மா, நீ எதாச்சும் வேண்டிக்கிட்டயா?” என்று கேட்டாள்.

“எனக்கேது அதெல்லாம்? ஊசியும் மாத்திரையும் ஒழுங்காப் போட்டுக்கோ.”

“இல்ல, சித்தி சொன்னா, நீ போன ரெண்டு தடவையும் எதும் வேண்டிக்கலயாம். இந்தத் தடவையாச்சும்…” என்று இழுத்தாள். அப்புறம், “உன்னக் குத்தம் சொல்லல, போம்மா” என்றாள்.

நான் பயப்படவில்லை. ஆஸ்பத்திரி நல்ல ஆஸ்பத்திரி.

அக்டோபர் 8, வியாழன்

சௌந்தரபாண்டி தொட்டி அறைக்கு வந்தான். குழாய் பார்க்க வந்தவன் குழாயைப் பார்க்கவில்லை.

“அக்கா, வாய்ப்புண் இன்னுமா ஆறல?”

“ஏன்?”

“மொத நாள்லருந்து கூட்டும் சோறும்தான் வாங்குறீங்க. கறிய ருசி பாக்காம ஒரு நாள் இருக்க மாட்டீங்க. சனிக்கெழமையானா தலைக்கு ஊத்துறீங்க. ஏழு பேரு இல்லக்கா, எட்டுப் பேரு.”

“உன் வேலையப் பாரு” என்று விரட்டிவிட்டேன்.

“நான் யார்ட்டயும் சொல்லலக்கா” என்று சொல்லிவிட்டுப் போனான். அவனுக்கென்ன தெரியும்? ஒரு மாதம் கறி தின்னாமல் இருப்பது உடம்புக்கு நல்லது. டாக்டர்களே சொல்கிறார்கள்.

அக்டோபர் 10, சனி

தலைக்குக் குளித்தேன். தாரிகா இன்னும் ஆஸ்பத்திரியில்தான்.

அக்டோபர் 14, புதன்

தொட்டியில் ஒரு பக்கம் செல்கள் சாக ஆரம்பித்துவிட்டன. குளிரில் இத்தனை நாள் தாங்கியதே பெரிது. செத்த பகுதியை வெட்டி எறிந்தேன். ஆட்டையே அறுக்காத கறி இது, இதற்குப் போய்க் கண் கலங்குகிறதே என்று என் மேலேயே எரிச்சல் வந்தது. மிச்சமிருப்பதைக் காப்பாற்ற வேண்டுமானால் சனிக்கிழமை நான் ஒரு வாய் சாப்பிட்டாக வேண்டும். ஒரே ஒரு வாய். மென்று விழுங்க எவ்வளவு நேரம் ஆகும்?

அக்டோபர் 17, சனி

காலையில் மாப்பிள்ளை கூப்பிட்டார். குரலே சரியில்லை. “அத்தை, பிரஷர் ரொம்ப ஏறிருச்சுங்க. ஆபரேஷன்னு உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க. கதவச் சாத்திட்டாங்க.”

கதவைச் சாத்திவிட்டார்கள் என்று கேட்டதும் தொட்டி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நானும் நின்றேன். என்ன சொன்னேன், யாரிடம் சொன்னேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

கமிட்டி நேரத்துக்கு வந்துவிட்டது. திரையில் கோமதிநாயகம் சார் நடுவில், சுற்றிலும் மற்றவர்கள். என் பின்னால் நிலையத்தில் இருக்கிற அத்தனை பேரும். இந்த ஒரு தடவைக்குத் தடையை நீக்கி, ஆய்வகத்தில் வறுத்த மூன்று துண்டு என் முன்னால் தட்டில். மிளகு வாசம். ஒரு மாதமாக இந்த வாசத்துக்கு ஏங்கியிருக்கிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

“சாப்பிடுங்கம்மா” என்றார்.

கரண்டியில் எடுத்தேன். வாய் வரைக்கும் கொண்டுபோனேன். கீழே வைத்துவிட்டேன்.

“சார், நான் சாப்பிட மாட்டனுங்க.”

சில வினாடி. அப்புறம் அவர் முகம் மாறியது. “என்னம்மா இது? உங்க கையால செஞ்சத நீங்களே சாப்பிட மாட்டீங்களா?”

“மாட்டனுங்க. எம் பொண்ணு ஆபரேஷன் தியேட்டர்ல இருக்கா. ரெண்டு பிள்ளய வயித்துலயே பறிகுடுத்தவ. பெத்தவ நான் பக்கத்துல இல்ல. இங்கிருந்து அவளுக்கு நான் செய்ய முடிஞ்சது இது ஒண்ணுதானுங்க. மாசம் பொறந்ததுலருந்து வாயில வைக்கல. இவங்ககிட்ட எல்லாம் வாய்ப்புண்ணு, பசியில்லன்னு பொய் சொன்னேன்.”

பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அந்த எரிச்சலில் நான் இன்னும் சத்தமாகப் பேசினேன்.

“அப்ப நான் என்னன்னும்மா எழுத?” என்றார் சார்.

“அலமேலு சாப்பிடல, ஏன்னா அது கறின்னு எழுதுங்க சார். உங்க சோயாவ இந்த மாசம் யாராச்சும் விரதத்துக்கு விட்டாங்களா? விட மாட்டாங்க. விடறதுக்கு அதுல என்ன இருக்கு? ஆளுக நம்பலன்னு சொன்னீங்களே, நம்பாமயா வாசன வந்ததுக்கே விரதம் போச்சுன்னு வாசல்ல வந்து நின்னாங்க? ஊருல ஆட்டுக்கு என்ன மரியாதையோ அத என் தொட்டிக்குக் குடுத்திருக்காங்க. ஒரு உசுரையும் கொல்லாம செஞ்ச கறிக்கு! ஏழு வருசத்துல இதுக்கு மேல ஒரு சர்ட்டிபிகேட் எனக்கு யாரும் குடுத்ததில்லீங்க. மூடறதுன்னா மூடிக்கோங்க.”

பேச்சு அங்கே போய்ச் சேர்ந்ததும் கோமதிநாயகம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான் பொறந்ததுலேருந்து சைவம்மா. ருசி தெரியாது, அதனால தொடல. நான் எதையும் விட்டவன் இல்லன்னு இன்னைக்குத்தான் தோணுது” என்றார். “மொதல்ல உங்க பொண்ணு விஷயத்தப் பாருங்க.” திரை அணைந்தது.

சாயங்காலம் மாப்பிள்ளை கூப்பிட்டார். பெண் குழந்தை. எடை குறைவுதான், ஆனால் வந்ததும் வீறிட்டு அழுததாம். தாரிகா கண் திறந்து, “அம்மாட்டச் சொல்லீட்டீங்களா?” என்று கேட்டாளாம். நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். சௌந்தரபாண்டி சொல்லாமல் கொள்ளாமல் என் பங்குக்கு ஒரு குவளைத் தண்ணீர் அதிகம் கொண்டுவந்து வைத்தான்.

அக்டோபர் 18, ஞாயிறு

ஐப்பசி பிறந்துவிட்டது. காலையிலேயே கமிட்டி முடிவு வந்தது. தொட்டி மூடப்படாது. நாற்பது குடும்பங்களோடு இன்னும் இரண்டு தொட்டிகள் வரும். அதோடு இரண்டாவது அடுப்பும் சட்டியும் அனுப்புகிறார்களாம். ஒரு சட்டிக்காகவா இந்தப் பாடு பட்டோம்! படித்துவிட்டுச் சந்தோஷத்தில் யாரையாவது திட்ட வேண்டும் போலிருந்தது.

மத்தியானம் சௌந்தரபாண்டி உறைபெட்டியையே காலி செய்துவிட்டான். குழம்பு, சுக்கா, கோலா உருண்டை. ஒரு மாதம் காய்ந்து கிடந்த கூட்டம் ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொண்டு உட்கார்ந்தது. குணசீலன் ஜெபத்தை அரைகுறையாக முடித்துவிட்டுக் கையை வைத்தார். முதல் தட்டு எனக்கு.

“சாப்பிடுங்கக்கா. பேத்தி பொறந்துட்டா, விரதம் முடிஞ்சுது.”

தட்டை வாங்கி, பக்கத்தில் இருந்தவரிடம் தள்ளினேன்.

நேற்று எழுத மாட்டேன் என்றதை இப்போது எழுதுகிறேன். கதவைச் சாத்திவிட்டார்கள் என்றதும் எனக்கு ஒரு மாத விரதம் போதாது என்று தோன்றிவிட்டது. பெருமாளே, தாயும் பிள்ளையும் முழுசாக வெளியே வந்தால் இந்த ஜென்மத்தில் இனி கறியே தொடமாட்டேன் என்று வாயைவிட்டுச் சொல்லிவிட்டேன். அவரும் இரண்டு பேரையும் முழுசாகக் கொடுத்துவிட்டார்.

இது கொல்லாத கறிதானே, இது கணக்கில் வராதே என்று அவரிடம் பேரம் பேசிப் பார்க்கலாம்தான். ஆனால் அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் கமிட்டி முன்னால், ஊரறிய, இது கறிதான் கறிதான் என்று தொண்டை கிழியக் கத்தியவள் யார்? எந்த முகத்தை வைத்துக்கொண்டு மாற்றிப் பேசுவேன்?

டாக்டர் ஜைனப் தன் பட்டாணிக் கூட்டை என் பக்கம் நகர்த்தினார். எதிரே எல்லோரும் வாய் நிறைய வைத்துக்கொண்டு கண்ணை மூடி மென்றுகொண்டிருந்தார்கள்.

“எப்படி இருக்கு?” என்று கேட்டேன்.

தலையை ஆட்டினார்கள். உப்பு சரியாக இருக்கிறதா என்றுகூட ஒருத்தரும் சொல்லித் தொலைக்கவில்லை.